தடுப்பூசிப் புத்தகத்தில் ஒரு காலிக் கட்டம்

நாய்க்கும் பூனைக்கும் நாங்கள் கொடுக்கும் தடுப்பூசிப் புத்தகத்தில், ஸ்டிக்கர் ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே ‘எடை’ என்று ஒரு கட்டம் இருக்கும். திருச்சியில் என் கிளினிக்குக்கு முதல்முறையாக வருகிறவர்களிடம் அந்தப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்ப்பேன். ரேபிஸ் ஊசி ஆண்டு தவறாமல் போட்டிருப்பார்கள். தேதி, மருந்தின் பேட்ச் எண், முத்திரை, கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருக்கும். எடைக் கட்டம் மட்டும் வெள்ளையாகக் கிடக்கும். பல வருடமாக டாக்டரின் மேசைவரை வந்துபோன நாய் அது. ஒரு தடவைகூட யாரும் அதை எடைமேடையில் நிறுத்தவில்லை என்று அர்த்தம்.

ஊசி போட வருகிற நாளை உடல் பரிசோதனை நாளாகவும் ஆக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. அதற்கென்று தனியாக இன்னொரு நாள் தேட வேண்டாம். விடுப்பு எடுத்து, ஆட்டோ பிடித்து, பயந்து நடுங்கும் பிராணியை எப்படியோ கிளினிக்வரை கொண்டுவந்துவிட்டீர்கள். இரண்டு நிமிடத்தில் ஊசியைப் போட்டு அனுப்பினால் அந்தப் பாடு முழுதும் வீணாகிறது. இன்னும் பத்து நிமிடம் போதும். அதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். நீங்கள் கேட்காவிட்டாலும் டாக்டர்கள் செய்ய வேண்டும்.

கிளினிக் தொடங்குவதற்கு முன்பு லால்குடி வட்டாரத்தில் அரசு கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தேன். மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிற பெண்கள் அங்கே நோயைச் சொல்கிற விதமே வேறு. “நேத்து ராத்திரி அசை போடலம்மா”, “சாணி இறுகிக் கெடக்கு”, “சொசைட்டில ஊத்தறப்ப அரை லிட்டர் குறையுது” என்பார்கள். தெர்மாமீட்டரில் காய்ச்சல்கூட இருக்காது. ஆனாலும் அவர்கள் சொன்னால் நான் நம்புவேன். நான்கு காம்பிலும் கொஞ்சம் கொஞ்சம் பால் பீச்சி, சோதனைத் திரவத்தோடு கலந்து தட்டைச் சுழற்றினால், ஒரு காம்பின் பால் மட்டும் கூழாகத் திரளும். மடியில் வீக்கம் இருக்காது, வலி இருக்காது, பாலின் நிறமும் மாறியிருக்காது. மடிநோய் மட்டும் உள்ளே தொடங்கியிருக்கும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலும் காம்பைக் காப்பாற்றிவிடலாம்.

அந்தப் பெண்களிடம் மருத்துவப் படிப்பு இல்லை. காலையிலும் மாலையிலும் லிட்டர் கணக்கில் அளக்கிற பழக்கம் இருந்தது. மாடு எதையாவது மறைத்தாலும் பால் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டு நாய்க்கும் பூனைக்கும் அப்படி அளப்பதற்கு ஒன்றும் இல்லை. அன்பு நிறைய இருக்கிறது, அளவு மட்டும் இல்லை.

அதனால்தான் நகரத்தில் நான் அடிக்கடி கேட்கிற வாக்கியம் வேறாக இருக்கிறது: “நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தான் டாக்டர்.” அவர்கள் பொய் சொல்வதில்லை. தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெல்ல மெல்ல வருகிற மாற்றம் தெரியாது. மொட்டை மாடிக்கு ஒரே ஓட்டமாக ஓடிய நாய் இப்போது பாதிப் படியில் நின்று நின்று ஏறும். ‘வயசாச்சு’ என்று விட்டுவிடுவார்கள். தண்ணீர்க் கிண்ணத்தை முன்பைவிட இரண்டு மடங்கு தடவை நிரப்ப வேண்டியிருக்கும். திருச்சி வெயில்மேல் பழி விழும். பூனை கட்டில்மேல் குதிப்பதை நிறுத்தியிருக்கும். சோம்பேறியாகிவிட்டது என்பார்கள். மூட்டு, சிறுநீரகம், சர்க்கரை என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு காரணம் இருக்கலாம். பூனை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வலியை வெளியே காட்டாமல், கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் போய்ப் படுத்துக்கொள்வது அதன் சுபாவம்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்று தெரிந்தால்தான் கேட்டு வாங்க முடியும். போன மழைக்காலத்தில் ஊசிக்கு வந்த ஒரு வெள்ளை நாயைச் சொல்கிறேன். நம் ஊரில் பொமரேனியன் என்று எல்லோரும் அழைக்கிற ஸ்பிட்ஸ், வயது ஒன்பது, பெண், கருத்தடை செய்யாதது. முதலில் எடை. பிறகு உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேல்வரிசையின் பெரிய கடைவாய்ப் பல் முழுதும் பழுப்புக் காரை, ஈறு ஓரமெல்லாம் சிவப்பு. “நாய்னா வாய் நாறத்தானே டாக்டர் செய்யும்?” என்றார் அந்த வீட்டுப் பாட்டி. நாறக்கூடாது. மூன்று வயதைத் தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஓர் அளவில் ஈறு நோய் இருக்கும். நாற்றம் அதன் அடையாளம். தாடைக்கு அடியில், தோளுக்கு முன்னால், முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் நெறிக்கட்டிகளை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தேன். வலியே இல்லாமல் எல்லாம் ஒருசேரப் பெருத்திருந்தால் நிணநீர்ப் புற்றுநோயைச் சந்தேகிப்போம். இதற்கு அப்படி இல்லை.

பிறகு நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, பால்காம்பு வரிசையை மேலிருந்து கீழ்வரை விரல் நுனியால் நீவிக்கொண்டு போனேன். இடப்பக்கம் கடைசிக் காம்புக்கு அருகில் தோலுக்கு அடியில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கட்டி உருண்டது. பாட்டி தினமும் அந்த வயிற்றைத் தடவிக் கொடுக்கிறவர். அவர் கையில் அது தட்டுப்படவே இல்லை. பெண் நாய்களின் மார்புக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றுநோயாக இருக்கும். பூனைகளிலோ மிகப் பெரும்பாலானவை புற்றுநோய்தான். 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். நாங்கள் எடுத்தபோது அது அந்த அளவில் கால்வாசிதான் இருந்தது.

கடைசியாக ஸ்டெதஸ்கோப். இடப்பக்க மார்பில் வைத்தபோது ‘லப்’புக்கும் ‘டப்’புக்கும் நடுவில் லேசாக ஒரு உஸ்ஸென்ற ஓசை கேட்டது. சின்ன இன நாய்களுக்கு நடுவயதுக்கு மேல் மைட்ரல் வால்வு தடித்து, ரத்தம் பின்னோக்கிக் கசியத் தொடங்கும். இரவு இருமல் வந்து, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் பலர் கொண்டுவருவார்கள். அதுவரை ‘சளி பிடிச்சிருக்கு’ என்று இருப்பார்கள். இதயம் பெரிதாகிவிட்ட, ஆனால் அறிகுறி இன்னும் தொடங்காத நாய்களுக்கு பிமோபெண்டன் மாத்திரை கொடுத்தால், இதயச் செயலிழப்பு சராசரியாக 15 மாதம் தள்ளிப்போகிறது என்று 2016-இல் வெளியான ‘எபிக்’ ஆய்வு காட்டியது. ஒன்பது வயது நாய்க்கு 15 மாதம் என்பது பெரிய காலம். அந்த மாத்திரையை யாருக்குத் தொடங்குவது என்பதை எக்ஸ்ரேயோ எக்கோவோ எடுத்துத்தான் முடிவுசெய்ய முடியும். ஆனால் எக்கோ எடுக்க வேண்டும் என்ற எண்ணமே அந்த உஸ்ஸென்ற ஓசையைக் கேட்டால்தான் வரும்.

வாயில், வயிற்றில், மார்பில் என்று அந்த நாயிடம் கண்டுபிடித்த எதற்கும் லேப் தேவைப்படவில்லை. பாட்டிக்கு வீட்டில் செய்ய ஒரு வேலையும் கொடுத்தனுப்பினேன். நாய் நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஏறி இறங்கினால் ஒன்று. வழக்கமாக 30-க்குள் இருக்கும். அதைத் தாண்டிக்கொண்டே போனால் மறுநாள்வரை காத்திருக்காமல் கொண்டுவர வேண்டும். பேரன் பள்ளி நோட்டில் கட்டம் போட்டு எழுதிவருகிறான்.

கையால் தொட்டும் காதால் கேட்டும் பிடிக்க முடியாதவற்றில் முதலிடம் சிறுநீரகத்துக்கு. இரண்டு சிறுநீரகங்களின் வேலைத்திறனில் ஏறக்குறைய 75 சதவீதம் போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு எல்லையைத் தாண்டும். சிறுநீரை அடர்த்தியாக்கும் திறனோ பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கு போனதுமே குறைந்துவிடும். 2015-இல் புழக்கத்துக்கு வந்த எஸ்.டி.எம்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை இன்னும் முன்னதாகவே காட்டக்கூடியது. அதற்குப் பெரிய லேபுக்கு மாதிரி அனுப்ப வேண்டும், செலவும் கூடுதல். ஆனால் சிறுநீரின் அடர்த்தியைப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கையடக்கக் கருவி. ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தைப் பார்த்தால் எண் தெரியும். காலையின் முதல் சிறுநீர் நாய்க்கு 1.030, பூனைக்கு 1.035 என்ற அளவுக்குக் கீழேயே திரும்பத் திரும்ப இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். கூடவே ஒரு பட்டையை நனைத்தால் புரதமும் சர்க்கரையும் தெரிந்துவிடும். ஒரு கிலோ நல்ல நாய்த்தீனி வாங்குகிற காசுகூட ஆகாது.

“யூரின் எப்படி டாக்டர் பிடிக்கிறது?” என்று கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஆண் நாய்க்குச் சுலபம்: கழுவிக் காயவைத்த டப்பாவைப் பக்கவாட்டில் நீட்டினால் போதும். பெண் நாய் உட்கார்ந்த உடனே நீட்டினால் எழுந்துவிடும். போகத் தொடங்கிய பிறகு, நீளக் காம்புக் குழிக்கரண்டி ஒன்றைப் பின்பக்கமாக மெதுவாக நுழைக்க வேண்டும். அந்தக் கரண்டியை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். பூனைக்கு மண் தட்டைக் கழுவிக் காயவைத்து, மண்ணுக்குப் பதிலாக மீன்தொட்டிக் கூழாங்கல்லைக் கழுவி ஒரு கைப்பிடி போட்டு வையுங்கள். போன பிறகு ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சிக்கொள்ளலாம். ஓரிரு மணி நேரத்தில் கிளினிக்குக்கு வந்துவிட வேண்டும். தாமதமாகும் என்றால் மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

பூனைக்குச் சிறுநீரைவிட முன்னதாக எடை பேசும். 500-க்கும் மேற்பட்ட பூனைகளின் எடைப் பதிவுகளை வைத்து 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. நாட்பட்ட சிறுநீரக நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குச் சுமார் 3 ஆண்டுக்கு முன்பிருந்தே அந்தப் பூனைகள் எடை இழக்கத் தொடங்கியிருந்தன. கண்டுபிடிப்பதற்கு முந்தைய ஓர் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 9 சதவீதம். நான்கு கிலோ பூனையில் அது 360 கிராம். பஞ்சுபோன்ற முடி மூடியிருக்கும்போது எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. நம் ஊரில் பெர்ஷியன் பூனை வளர்க்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அந்த இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உருவாகும் பரம்பரை நோய் உண்டு. ஒரு வயதை ஒட்டி எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். இனப்பெருக்கத்துக்கு விடுவதாக இருந்தால் அதைப் பார்க்காமல் விடவே கூடாது.

வயதான பூனை ஒரே இரவில் கண் தெரியாமல் சுவரில் முட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கருவிழி விரிந்து அப்படியே நிற்கும். ரத்த அழுத்தம் ஏறி விழித்திரை கழன்றிருக்கும். அதன் பின்னால் பெரும்பாலும் சிறுநீரக நோயோ தைராய்டோ இருக்கும். முன்பே அழுத்தத்தைப் பார்த்திருந்தால் ஆம்லோடிபின் போதும். நம் வீடுகளில் பெரியவர்கள் தினமும் போடுகிற அதே மருந்து. ஆனால் தாத்தாவின் அட்டையிலிருந்து நீங்களாகப் பிட்டுக் கொடுக்காதீர்கள். அளவு வேறு. பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

நம் தட்பவெப்பத்துக்கே உரிய இன்னொன்று உண்ணி. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட பரிசோதனைப் பட்டியல்களை அப்படியே இங்கே எடுத்துவைத்தால் இது அடியில் போய்விடும். இங்கே அது மேலே இருக்க வேண்டும். பழுப்பு உண்ணி சுவர் விரிசலில் முட்டையிட்டு ஆண்டு முழுதும் பெருகும். அது பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி முதலில் சில நாள் காய்ச்சலைக் கொடுத்துவிட்டு அடங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில், உள்ளேயே இருக்கும். அந்தக் காலம் முழுதும் நாய் சாப்பிடும், குரைக்கும், பந்தைத் துரத்தும். ரத்தத்தில் பிளேட்லெட் மட்டும் குறைந்துகொண்டிருக்கும். அப்போது பிடித்தால் நான்கு வாரம் டாக்சிசைக்ளின் கொடுத்து மீட்டுவிடலாம். விட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜை வேலைநிறுத்தம் செய்யும். மூக்கில் ரத்தம் ஒழுகிக்கொண்டு வரும் நாயை எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினாலும் காப்பாற்றுவது கடினம். தெருவோரமோ மரத்தடியோ போய்வருகிற நாய் என்றால், இளசாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அணுக்களின் எண்ணிக்கையும், கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியரும் பாருங்கள். தவறாமல் உண்ணி மருந்து போடுங்கள். காது மடிப்பு, கால்விரல் இடுக்கு இரண்டையும் வாரம் ஒருமுறை விரித்துப் பாருங்கள்.

இவ்வளவு சொல்கிறவள் இதையும் சொல்ல வேண்டும். மனிதர்களுக்கு இருப்பதுபோலவே நாய்களுக்கும் ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ பேக்கேஜ்கள் வந்துவிட்டன. துள்ளலோடு வாலாட்டும் இரண்டு வயது நாட்டு நாய்க்குக்கூட இருபது, முப்பது பரிசோதனை எடுத்துத் தாளைக் கையில் கொடுக்கிறார்கள். நான் அதற்கு ஆதரவாளர் இல்லை. லேப் தாளில் ‘இயல்பான அளவு’ என்று போட்டிருப்பது, ஆரோக்கியமான பிராணிகளில் 95 சதவீதத்தின் அளவுகள் அடங்குகிற எல்லை. நூறு ஆரோக்கியமான நாய்களில் ஐந்து அந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே நாய்க்குச் செய்தால், அது முழு ஆரோக்கியமாக இருந்தாலும் ஏதாவது ஒன்று எல்லை மீறிக் காட்டுவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு வீடே தூங்காது. பிறகு மறுபரிசோதனை, ஸ்கேன், தேவையில்லாத மாத்திரை.

பரிசோதனையைக் குறைவாக, வயதையும் இனத்தையும் வாழும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் அதையே திரும்பச் செய்வதில்தான் பலன் இருக்கிறது. கிரியாட்டினின் 1.3 என்று ஒரு நாயின் தாளில் இருந்தால் லேப் அதை இயல்பு என்றே சொல்லும். அதே நாய்க்குப் போன வருடம் 0.7 என்று என்னிடம் பதிவு இருந்தால் எனக்கு அது இயல்பு இல்லை. அதனால் ஆரோக்கியமாக இருக்கும்போது எடுத்த தாளைத் தூக்கிப் போடாதீர்கள். நோயில் எடுத்த தாளை எதோடு ஒப்பிடுவது என்று பிறகு திண்டாட வேண்டியிருக்கும். சிறு நாய்களுக்கும் பூனைகளுக்கும் 7 வயதிலிருந்து, லாப்ரடார், ராட்வீலர் போன்ற பெரிய இனங்களுக்கு 5, 6 வயதிலிருந்தே, ஆண்டுக்கு ஒருமுறை அடிப்படை ரத்தமும் சிறுநீரும் பார்க்கலாம். பத்து வயதைத் தாண்டியவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேசைக்கு வரட்டும். ரத்தமும் சிறுநீரும் பார்க்கத் தொடங்கும் வயதை இன்னும் எட்டாதவற்றுக்குப் பெரும்பாலும் டாக்டரின் கையும் எடைமேடையும் உண்ணிக்கான ரத்தமும் போதும். கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால், கடைசியாக எப்போது ஹீட்டுக்கு வந்தது என்பதைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அடுத்த இரண்டு மாதத்துக்குள் தண்ணீர் அதிகம் குடித்து, சாப்பாடு குறைந்தால் கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கிறதா என்று அன்றைக்கே ஸ்கேன் செய்ய வேண்டும்.

எடை என்றதும் குறைவதை மட்டும் நினைக்க வேண்டாம். மேரி பிஸ்கட்டும் நெய்ச்சோறும் தின்று மேசைபோல் முதுகு தட்டையான லாப்ரடார்கள்தான் என் கிளினிக்கில் அதிகம். 48 லாப்ரடார்களை 14 ஆண்டு தொடர்ந்து கவனித்து 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கூடப் பிறந்தவற்றைவிடக் கால்பங்கு குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய 2 ஆண்டு அதிகம் வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. இதற்கு நிகரான மருந்து எதையும் நான் இதுவரை எழுதியதில்லை. வீட்டில் குளியலறை எடைமேடை இருந்தால் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழியுங்கள். பூனையைத் துணிப்பையில் விட்டுச் சமையலறைத் தராசில் வைக்கலாம்.

கிளினிக்குக்கு வருகிறவர்கள் எல்லோரும் வசதியானவர்கள் இல்லை. தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்க்கிற ஆட்டோக்காரர் இருக்கிறார், பூ கட்டுகிறவர் இருக்கிறார். அவர்கள் நம்பியிருப்பது அரசு கால்நடை மருந்தகத்தையும் மாவட்டத் தலைநகரின் பன்முக மருத்துவமனையையும்தான். மாட்டுச் சாணியையும் ரத்தத்தையும் பரிசோதிக்கக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுகள் ஏற்கெனவே இருக்கின்றன. நாய், பூனைக்கான சிறுநீர்ப் பட்டையும் ரிஃப்ராக்டோமீட்டரும் ரத்த ஸ்மியரும் அவர்களால் செய்ய முடியாதவை இல்லை. சாயம், மைக்ரோஸ்கோப், பழகிய கை எல்லாம் அங்கே இருக்கிறது. கேட்கிறவர்கள் இல்லாததால் யாரும் தொடங்கவில்லை.

ஜூலை 6, செப்டம்பர் 28 என்று ஆண்டுக்கு இரண்டு நாள் வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் நடக்கின்றன. இலவசம் என்பதால் வரிசை தெருவரை நிற்கும். நாயோடு அவ்வளவு நேரம் காத்திருக்கிற வரிசையில், ஊசி மேசைக்கு முன்னால் ஓர் எடைமேடையைப் போட்டு, ஒரு கால்நடை பராமரிப்பு உதவியாளரை நிறுத்தி எழுதவைக்கலாம். நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்களை அனுப்பினால் உதட்டைத் தூக்கிப் பார்த்து, நெறிக்கட்டியைத் தொட்டுப் பார்த்து, சந்தேகம் உள்ளவற்றைப் பன்முக மருத்துவமனைக்குச் சீட்டுக் கொடுத்து அனுப்புவார்கள். அவர்களுக்கும் ஒரே நாளில் அத்தனை நாய்கள் கையில் கிடைப்பது வேறெங்கும் வாய்க்காது.

சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப்பையும் உரிமத்தையும் கட்டாயமாக்கியது. உரிமத்துக்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். ஆண்டுதோறும் ஒரு டாக்டர் கையெழுத்துப் போடப்போகிற தாள் அது. எடை, பல், இதய ஓசை, உடலில் கட்டி உண்டா இல்லையா என்று அந்தச் சான்றிலேயே நான்கு வரி சேர்த்தால், கையெழுத்துக்கு முன்னால் பிராணியைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். சிப் எண்ணோடு சேர்ந்து அந்த அளவுகள் பதிவானால், வேறு ஊருக்கு வீடு மாறிப்போனாலும் புது டாக்டர் பழைய அளவோடு ஒப்பிட முடியும். மற்ற மாநகராட்சிகளும் இந்த வழிக்கு வரத்தான் போகின்றன. அவர்கள் படிவத்தை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்பு இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.